கண்ணனூர்க் கொப்பம்: கியாசுத்தீன் தாமகானியின் ஆட்சியும் காவிரிக் கரையும்

கியாசுத்தீன் முகம்மது தாமகானி, 1340 வாக்கில் மதுரையில் அரியணை ஏறி 1344-இன் இறுதியை ஒட்டி இறந்த சுல்தான். சுமார் நாற்பது ஆண்டுகள் நீடித்த மதுரை சுல்தானாட்சியில் காசுகளும் நூல்களும் எட்டுப் பேரின் பெயரைத் தருகின்றன. இவர்களில் சிலர் நமக்குக் காசில் பொறித்த எழுத்துகளாக மட்டுமே எஞ்சியவர்கள். தாமகானியின் நிலை வேறு. அவருடைய பாசறையில் தங்கி, அவரோடு உணவருந்தி, அவர் செய்த கொடுமைகளையும் அவருக்கு வந்த துயரங்களையும் நேரில் கண்டு எழுதிய ஒருவர் இருந்தார்: மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா. தாமகானியின் புகழுக்கும் பழிக்கும் காரணமான போர் நடந்த இடம் திருவரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடத்துக்கு அப்பால், இன்று சமயபுரம் என்று எல்லோரும் அறிந்த ஊரை ஒட்டிய கண்ணனூர்.

தாமகானி ஆண்ட அந்த ஆண்டுகள் மேற்காசியாவில் சிலுவைப் போர்களின் பிற்காலம். 1291-இல் அக்கா (Acre) துறைமுகம் எகிப்தின் மம்லூக்குகளிடம் வீழ்ந்தபின் பாலஸ்தீனக் கரையில் சிலுவை வீரர்களுக்குக் கோட்டை எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் போர் ஓய்ந்துவிடவில்லை. 1344 அக்டோபரில் ஐரோப்பியக் கப்பற்படை, துருக்கிய அமீர் உமுர் பேயின் கையிலிருந்த ஸ்மிர்னா துறைமுகத்தைப் பிடித்தது. அந்த உமுர் பேயிடம் பத்துக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் விருந்தினராக இருந்தவர் இப்னு பதூதா. ஸ்மிர்னா விழுந்த அந்த மாதங்களில்தான் அவர் தமிழகக் கரையில் ஒதுங்கி, தாமகானியின் விருந்தினராக இருந்தார். இரு முனைகளையும் தன் கண்ணால் பார்த்த சாட்சி என்ற வகையில், தாமகானியைப் பிற மன்னர்களோடு அவர் செய்யும் ஒப்பீட்டுக்கு எடை உண்டு.

தாமகானிக்கு முன் காவிரிக் கரையில் நடந்ததைச் சொல்லாமல் அவரை விளக்க இயலாது. கண்ணனூரைத் தலைநகராக்கியவர்கள் போசளர்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சோழர் வலுவிழந்தபோது, மைசூர்ப் பீடபூமியிலிருந்து இறங்கி வந்த வீரசோமேசுவரன் இங்கே விக்கிரமபுரம் என்ற பெயரில் நகரமைத்து, போசளேசுவரம் என்னும் சிவன் கோயிலையும் எழுப்பினான். கன்னட நாட்டிலிருந்து வரும் பாதைக்கும் மதுரைக்குச் செல்லும் பாதைக்கும் நடுவே, காவிரி இரண்டாகப் பிரியும் தலைப்புக்கு அருகே அமைந்த இடம் இது. இதை வைத்திருப்பவனுக்குத் திருச்சிராப்பள்ளி மலையும் திருவரங்கத் தீவும் கைக்கெட்டும் தொலைவு. பின்னர் பாண்டிய மன்னன் சடையவர்மன் சுந்தரபாண்டியன், கண்ணனூர்க் கொப்பம் என்றும் வழங்கிய இந்நகரைப் போசளரிடமிருந்து பறித்து, திருவரங்கக் கோயிலுக்குப் பொன் வேய்ந்தான். ஆகவே கண்ணனூருக்கான சண்டை சுல்தான்கள் கொண்டுவந்ததன்று. அவர்கள் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஆட்டத்தில் பிந்தி வந்து சேர்ந்தவர்கள்.

முஸ்லிம்களும் அப்போது புதியவர்கள் அல்லர். பாரசீக வளைகுடாவிலிருந்து ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் பாண்டிய நாட்டுத் துறைகளிலும் பிற துறைகளிலும் இறங்கியதாக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். அந்த வணிகத்தை நடத்திய அரபு வணிகர் தகியுத்தீன் பாண்டிய மன்னனின் அமைச்சராகவே இருந்தார். 1311-இல் தில்லித் தளபதி மாலிக் கபூர் படையெடுத்து வந்தபோது பாண்டியர் படையிலும் முஸ்லிம் வீரர்கள் இருந்ததை, தில்லியின் அரசவைக் கவிஞர் அமீர் குஸ்ரு குறிப்பிடுகிறார். தந்தை மாறவர்மன் குலசேகரன் கொல்லப்பட்டபின் சுந்தரபாண்டியனும் வீரபாண்டியனும் மோதிக்கொண்டிருந்த தருணம் அது. குஸ்ருவின் நூலில் வரும் கண்டூர் என்னும் ஊரைக் கண்ணனூர் என்றே பெரும்பாலோர் கொள்கின்றனர். மாலிக் கபூர் கொள்ளையோடு திரும்பினார். 1318-இல் வந்த மற்றொரு தில்லித் தளபதி குஸ்ரு கானும் தங்கவில்லை.

தங்கியது 1323-இல் வந்த படை. தில்லி சுல்தான் கியாசுத்தீன் துக்ளக்கின் மகன் உலூக் கான், பிற்காலத்தில் முகம்மது பின் துக்ளக் என்று அரசாண்டவர், வாரங்கலை வீழ்த்திய வேகத்தில் தமிழகத்தைத் தில்லியின் மாகாணமாக்கினார். அரபு, பாரசீக நூல்கள் மஅபர் என்று அழைப்பது இந்தப் பகுதியைத்தான். திருவரங்கத்தின் நினைவில் ஆழப் பதிந்த அழிவும் இந்தப் படையெடுப்பின் போதே நேர்ந்தது. கோயிலின் வரலாற்றேடான கோயிலொழுகு, கொள்ளிடக் கரையில் திருவிழா நடந்துகொண்டிருந்தபோது படை வந்ததாகவும், பன்னீராயிரம் வைணவர்கள் வெட்டுண்டதாகவும் சொல்கிறது. வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர், கோயிலின் உற்சவத் திருமேனியான நம்பெருமாளை எடுத்துக்கொண்டு தெற்கே சென்று, மதுரைக்கு அருகே சோதிஷ்குடியில் உயிர்நீத்தார். இன்னோர் ஆசாரியரான வேதாந்த தேசிகர், சுதர்சன சூரியின் சுருதப்பிரகாசிகை என்னும் உரைநூலின் ஏட்டையும் அவருடைய பிள்ளைகளையும் காத்து, கன்னட நாட்டுச் சத்தியாகாலத்துக்குச் சென்றார். திருவரங்கம் மீளவேண்டும் என்று அவர் பாடிய அபீதிஸ்தவம் வைணவ இல்லங்களில் இன்றும் ஓதப்படுகிறது.

கோயிலொழுகு பல தலைமுறைகளில் எழுதிச் சேர்க்கப்பட்ட ஏடு. 1311-இன் நிகழ்ச்சிகளும் 1323-இன் நிகழ்ச்சிகளும் அதில் கலந்து கிடக்கின்றன. பன்னீராயிரம் என்ற எண்ணைக் கணக்கெடுப்பாகக் கொள்ளத் தேவையில்லை. கோயில் வழக்கில் பேரிழப்பைக் குறிக்கும் முழு எண்ணாகக் கொள்வதே பொருந்தும். ஆனால் அதே ஏட்டில், கற்பனையில் வந்திருக்க முடியாத சில நிர்வாகச் செய்திகள் உண்டு. திருவரங்கத்தில் பாளையமிட்ட தளபதிக்குத் தீவின் ஈரக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றும், சிங்கப்பிரான் என்பவரின் யோசனையைக் கேட்டு அவர் பாளையத்தைக் கண்ணனூருக்கு மாற்றினார் என்றும், அங்கே கோட்டை கட்டத் திருவரங்கத்தின் வெளிமதில்களிலிருந்து கல் எடுக்கப்பட்டது என்றும் அது சொல்கிறது. கோயில் மூடப்படாமல் குற்றுயிராகவேனும் தப்பியதற்கு, ஆக்கிரமிப்பாளரிடம் பேசி வழிசெய்த இத்தகைய இடைநிலை ஊழியர்களே காரணம். ஆசாரியர்களின் தியாகத்தை விரிவாகப் பாடும் மரபு இவர்களைப் பற்றி இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்வது சற்றுக் கஞ்சத்தனம்தான்.

மஅபரின் ஆளுநராக இருந்த ஜலாலுத்தீன் அஹ்சன் கான், 1335 வாக்கில் தன்னைச் சுல்தான் என்று அறிவித்துத் தன் பெயரில் காசு அடித்தார். தில்லி சுல்தான் அவரை அடக்கப் புறப்பட்டார். வாரங்கலில் படையினரைக் கொள்ளைநோய் தாக்கியதால் திரும்பிவிட்டார். மதுரையின் விடுதலைக்கு அதன் சொந்த வலிமையைவிட அந்த நோயே கூடுதலாக உதவியது. அஹ்சன் ஷா ஐந்தாண்டுகளில் தன் பிரபு ஒருவராலேயே கொல்லப்பட்டார். அடுத்து வந்த அலாவுத்தீன் உதௌஜி, போரில் வென்றபின் தண்ணீர் குடிக்கத் தலைக்கவசத்தைக் கழற்றியபோது எங்கிருந்தோ வந்த அம்பு பாய்ந்து இறந்தார். அவருடைய மருமகன் குத்புத்தீன் நாற்பது நாள் ஆண்டு கொல்லப்பட்டார். இந்த வரிசையில் நான்காவதாக வந்தவர் தாமகானி.

பாரசீகத்தின் தாமகான் நகரைக் குறிக்கும் பெயருடைய இவர், தில்லிப் படையில் ஒரு பிரபுவின் கீழ்ச் சாதாரணக் குதிரை வீரராகத் தொடங்கியவர். அப்போதைய பெயர் சிராஜுத்தீன். அஹ்சன் ஷாவின் மகள் ஒருத்தியை மணந்தார். அஹ்சன் ஷாவின் இன்னொரு மகளைத் தில்லியில் மணந்தவர் இப்னு பதூதா. ஆக இருவரும் சகலபாடிகள். இந்த உறவால்தான், இலங்கையிலிருந்து வந்த கப்பல் கரைதட்டித் தத்தளித்த பயணிக்கு அரண்மனை வரவேற்பு கிடைத்தது. மாலத்தீவின் மேல் படையெடுக்கும் திட்டம் ஒன்றையும் இருவரும் பேசி வைத்திருந்தார்கள். சுல்தானைப் பற்றிய கண்டனம் பகைவரிடமிருந்து வராமல் சகலபாடியிடமிருந்தே வருகிறது என்பதை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தாமகானியின் எதிரி போசள மன்னன் மூன்றாம் வீரவல்லாளன். மாலிக் கபூரிடம் பணிந்து, தலைநகர் துவாரசமுத்திரத்தை இழந்து, திருவண்ணாமலையைத் தளமாக்கிக்கொண்டு முப்பது ஆண்டுகள் விடாமல் போராடிய முதியவன். அப்போது அவனுக்கு எண்பது வயது என்கிறார் இப்னு பதூதா. அவன் படையில் ஒரு லட்சம் பேரும், அவர்களோடு இருபதாயிரம் முஸ்லிம்களும் இருந்தனராம். அந்த முஸ்லிம்களைக் குற்றவாளிகள், ஓடிவந்த அடிமைகள் என்று பயணி இகழ்கிறார். எண்கள் வென்றவர் தரப்பில் ஊதியவையாக இருக்கலாம். ஆனால் வல்லாளன் கொடியின்கீழ் பெருந்தொகையான முஸ்லிம்கள் போரிட்டார்கள் என்பது வென்றவரே ஒப்புக்கொண்ட செய்தி. இந்தப் போரைப் பாலஸ்தீனத்துச் சிலுவைப் போரின் தெற்கு நகலாகக் காட்ட விரும்புவோர் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிச் செல்வது வழக்கம்.

சுல்தானிடம் இருந்தவர்கள் ஆறாயிரம் பேர். அவர்களில் பாதி உதவாதவர்கள் என்று பயணி சொல்கிறார். பயணநூலில் குப்பான் என்று வரும் கொப்பத்துக்கு அருகே முதல் மோதலில் தோற்று, அவர்கள் மதுரைக்குப் பின்வாங்கினர். கண்ணனூர்க் கோட்டையை வல்லாளன் பத்து மாதம் முற்றுகையிட்டான். உள்ளே பதினான்கு நாளுக்கே உணவு எஞ்சிய நிலையில், கோட்டையை விட்டால் பாதுகாப்பாகப் போகவிடுவதாகத் தூது அனுப்பினான். சுல்தானின் அனுமதி வேண்டும் என்று கேட்ட காவற்படைக்கு அந்தப் பதினான்கு நாள் தவணையையும் கொடுத்தான். இந்தப் பெருந்தன்மைதான் அவனுக்கு எமனாயிற்று.

கண்ணனூரின் கடிதம் வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கூடியவர்கள் முன் படிக்கப்பட்டது. கேட்டவர்கள் அழுதார்கள், தலைப்பாகைகளை அவிழ்த்துக் குதிரைகளின் கழுத்தில் கட்டினார்கள். சாகத் துணிந்தோம் என்பதற்கு அது அடையாளம். வீரத்தில் முதன்மையான முந்நூறு பேர் முன்னணியில் நின்றார்கள். வலப்பக்கம் சைபுத்தீன் பகதூர் என்னும் மார்க்க அறிஞர், இடப்பக்கம் படைக்கலப் பொறுப்பாளர் மாலிக் முகம்மது, நடுவே மூவாயிரம் பேருடன் சுல்தான், பின்னே எஞ்சியோருடன் அசதுத்தீன் கைகுஸ்ரு. போசளப் பாசறை நண்பகல் உறக்கத்தில் இருந்தது. குதிரைகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. வந்தவர்களைத் திருடர்கள் என்று நினைத்து ஒழுங்கின்றி எதிர்கொண்ட படை சிதறியது. குதிரையேற முயன்ற முதியவனைச் சுல்தானின் சகோதரர் மகன் நாசிருத்தீன் எட்டிப்பிடித்து வெட்டப்போனார். இவர்தான் மன்னர் என்று ஓர் அடிமை தடுத்ததால் சிறைப்பிடித்தார். விடுதலை தருவதாக ஆசைகாட்டி வல்லாளனின் பொருளையும் யானை, குதிரைகளையும் கறந்துகொண்ட தாமகானி, பிறகு அவனைக் கொன்று தோலை உரித்து, வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டார். தொங்கியதைத் தான் பார்த்ததாகவே இப்னு பதூதா எழுதுகிறார்.

கன்னடக் கல்வெட்டு ஒன்று வேறு விதமாகச் சொல்கிறது. வல்லாளன் 1342 செப்டம்பர் 8 அன்று திருச்சிராப்பள்ளியில் துருக்கரோடு பொருது மாண்டான் என்பது அதன் செய்தி. கண்ணனூர் திருச்சிராப்பள்ளியின் சுற்றுப்புறமே என்பதால் இடத்தில் முரண் இல்லை. சாவின் விதத்தில்தான் வேறுபாடு. தங்கள் மன்னன் ஏமாற்றிக் கொல்லப்பட்டான் என்பதைவிடக் களத்தில் விழுந்தான் என்று கல்லில் வெட்டவே யாரும் விரும்புவர். நாளுக்குக் கல்வெட்டையும் விவரத்துக்குப் பயணியையும் நம்புவதே தகும்.

வெற்றிக்குப் பின் தாமகானி என்ன செய்தார் என்பதே அவரை மதிப்பிடும் இடம். கன்னட நாட்டை நோக்கி அவர் நகரவில்லை. பயணி வந்தபோது அவர் காட்டில் பாளையமிட்டு, மரங்களை வெட்டி வழியமைத்து, கிராமத்தாரைப் பிடித்துக்கொண்டிருந்தார். பாசறையைச் சுற்றி நான்கு வாயில்கள் கொண்ட மரவேலி. பகலில் பிடிபட்ட ஆண்கள் மறுநாள் காலையில் அந்த வேலியின் அருகே கழுவேற்றப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அங்கேயே வெட்டப்பட்டார்கள். ஒருநாள் சாப்பாட்டின்போது ஒருவனையும் அவன் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொண்டுவந்தார்கள். சுல்தான் வெட்டச் சொன்னார். பயணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேறெந்த மன்னனும் இப்படிச் செய்து தான் கண்டதில்லை என்றும், இதனால்தான் இறைவன் அவனுடைய முடிவை விரைவுபடுத்தினான் என்றும் எழுதினார். முகம்மது பின் துக்ளக்கின் தண்டனைகளை ஆண்டுக்கணக்கில் அருகிருந்து பார்த்தவர் இப்படிச் சொல்கிறார்.

இந்தக் கொடுமைக்குப் பின்னால் ஓர் அரசியல் வெறுமை இருந்தது. கெய்ரோவின் மம்லூக்குகளும் அந்நியப் படைவீரர்கள்தாம், அடிமைகளாக வாங்கப்பட்டவர்கள். ஆனால் அவர்களின் சுல்தான் பைபர்ஸ் 1260 முதல் 1277 வரை ஆண்ட காலத்தில் அஞ்சல் வழிகள், நில வருவாய், நீதிமன்றங்கள், அறக்கட்டளைகள் என்று எகிப்தின் மண்ணில் வேரூன்றினார். மதுரைச் சுல்தான்களுக்கு அந்த வேர் பிடிக்கவில்லை. புதுக்கோட்டைப் பகுதிக் கல்வெட்டுகள் சில ‘சுரத்தான்’ ஆட்சியாண்டைக் குறிப்பிட்டாலும், ஊர்க் காவலும் வழக்கும் பழையபடி நாட்டாராலும் அரையர்களாலுமே நடந்தன. திருக்களக்குடிக் கல்வெட்டு அந்தக் காலத்தைத் துலுக்கர் காலம் என்று குறித்து, கோயில் நிலங்களின் மீது வரி விழுந்ததைச் சொல்கிறது. வரி வாங்கத் தெரிந்த அரசு, அதைக் கொடுத்தவர்களோடு ஒப்பந்தம் எதையும் செய்துகொள்ளத் தெரியாமல் இருந்தது. கோட்டையிலும் மரவேலிக்குள்ளும் மட்டுமே அதன் ஆணை செல்லுபடியாயிற்று.

தாமகானியின் முடிவு விரைந்து வந்தது. யோகி ஒருவன் வீரிய விருத்திக்கெனச் செய்துகொடுத்த, இரும்புத்தூள் கலந்த மாத்திரைகளை அளவுக்கு மேல் உண்டு நோயுற்றார். பட்டினம் என்ற துறைமுகத்தில் சில நாள் தங்கி மதுரைக்குத் திரும்பியபோது, நகரில் கொள்ளைநோய் பரவியிருந்தது. தொற்றியவர்கள் இரண்டு மூன்று நாளில் இறந்தார்கள். பயணி வாங்கிய அடிமைப் பெண்ணும் மறுநாளே இறந்தாள். சுல்தான் நகருக்கு வெளியே ஆற்றங்கரைக்குப் போனார். ஒரு வியாழக்கிழமை அவருடைய ஒரே மகன் இறந்தான். அடுத்த வியாழன் தாய். மூன்றாவது வியாழன் அவரே. இப்னு பதூதா மாலத்தீவை விட்டுப் புறப்பட்டது 1344 ஆகஸ்டு இறுதியில். அடுத்த சுல்தான் நாசிருத்தீனின் காசு ஹிஜ்ரி 745-ஐ, அதாவது 1344 மே முதல் 1345 மே வரையிலான ஆண்டைத் தாங்கியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சாவு 1344-இன் இறுதியிலோ அதை ஒட்டியோ நேர்ந்திருக்க வேண்டும்.

கண்ணனூர் வெற்றியின் பலனை அறுவடை செய்தவர்கள் மதுரைக்காரர்கள் அல்லர். வல்லாளனின் மகன் 1343-இல் முடிசூடிய சில ஆண்டுகளில் போசள அரசு மறைந்தது. அந்த இடத்தை எடுத்துக்கொண்டவர்கள் விஜயநகர அரசை நிறுவிய ஹரிஹரரும் புக்கரும். தெற்கில் அவர்களுக்குப் போட்டியாக இருந்திருக்கக்கூடிய ஒரே பழைய இந்து அரசை அகற்றிக் கொடுத்தது தாமகானியின் வாள். விஜயநகரத்தின் தோற்றத்தைப் பேசும் நூல்கள் பல அதற்கு உரிய இடம் தருவதில்லை.

புக்கரின் மகன் குமார கம்பணன் 1360-களில் சம்புவராயரை வென்று காஞ்சியில் நிலைகொண்டு, பிறகு தெற்கே வந்தான். அவன் மனைவி கங்காதேவி இயற்றிய மதுராவிஜயம் என்ற வடமொழிக் காவியத்தின் ஏடு 1916-இல் திருவனந்தபுரத்தில் கிடைத்தது. திருவரங்கமும் திருவானைக்காவும் பாழடைந்ததை அதில் ஒரு பெண் கம்பணனிடம் முறையிடுகிறாள். மதுரையின் தென்னந்தோப்புகள் இருந்த இடத்தில் மண்டையோடுகள் கோத்த இரும்புக் கழுக்கள் நிற்பதாக அதில் வரும் காட்சியைக் காவிய மிகை என்று தள்ளிவிட முடியாது. சமயத்தால் எதிர்த் தரப்பில் நின்ற, அவளை அறியாத பயணி ஒருவர் ஒரு தலைமுறைக்கு முன்பே அத்தகைய கழுக்களை விவரித்துவிட்டார்.

கம்பணனின் செஞ்சி அதிகாரி கோபணாரியன், பல இடம் மாறித் திருமலையில் இருந்த நம்பெருமாளைச் சிங்கபுரத்துக்குக் கொண்டுவந்து வைத்திருந்து, துலுக்கரை வென்றபின் 1371-இல் திருவரங்கத்தில் மீண்டும் எழுந்தருளச் செய்ததைக் கோயிலில் உள்ள சக ஆண்டு 1293-இன் கல்வெட்டு சொல்கிறது. கண்ணனூரில் போசளேசுவரம் பள்ளிவாசலாக மாற்றப்பட்டிருந்ததையும் அது மீண்டும் கோயிலானதையும் அங்குள்ள கல்வெட்டிலிருந்து அறிகிறோம். ஆனால் திருச்சிராப்பள்ளியில் நத்தர்வலி தர்கா, சுல்தானாட்சியோடு சேர்ந்து அழியவில்லை. திருவரங்கத்திலோ தில்லி சுல்தானின் மகள் என்று மரபு கூறும் துலுக்க நாச்சியாருக்குச் சன்னிதி அமைந்து, ரொட்டி நைவேத்தியமாகிறது. ஆட்சி வேறு, சமயம் வேறு என்று அன்றைய காவிரிக்கரை பிரித்துப் பார்த்ததற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் தேட வேண்டியதில்லை.

நாசிருத்தீனுக்குப் பின் சுமார் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மதுரைக் காசு எதுவும் கிடைக்கவில்லை. பிறகு ஆதில் ஷா, பக்ருத்தீன் முபாரக் ஷா ஆகியோரின் காசுகள் வருகின்றன. கம்பணனின் வெற்றிக்குப் பிறகும் அலாவுத்தீன் சிக்கந்தர் ஷா என்பவர் சில ஆண்டுகள் ஏதோ ஒரு பகுதியில் தாக்குப்பிடித்திருக்கிறார். திருப்பரங்குன்றம் மலைமேல் உள்ள சிக்கந்தர் தர்காவை மக்கள் வழக்கு இவரோடு இணைக்கிறது. இவருடைய கடைசிக் காசின் ஆண்டு ஹிஜ்ரி 779, பொது ஆண்டில் 1377–78. அதற்குப் பிந்திய மதுரைச் சுல்தான் காசு இல்லை.